கழுகு வராத குன்று

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், ஏறக்குறையப் பாதித் தொலைவில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் வீற்றிருக்கும் அந்த மலைக்குப் பட்சி தீர்த்தம் என்றும் பெயர். தலைமுறை தலைமுறையாக அங்கே உச்சிவேளையில் ஒரு வழிபாடு நடந்துவந்தது. நெய்யும் சர்க்கரையும் கலந்த சோற்றோடு பாறையில் ஒருவர் காத்திருப்பார். வெள்ளை உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இரண்டு கழுகுகள் இறங்கி வந்து, உண்டுவிட்டுப் பறந்துபோகும். சாபம் பெற்ற முனிவர்களே அப்படி வருகிறார்கள் என்பது தலபுராண நம்பிக்கை. கழுகுகள் வராத நாளும் உண்டு. கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்று அன்றைக்குப் பேசிக்கொள்வார்கள்.

1990-களின் இறுதியில் அவை வருவது அடியோடு நின்றுபோனது.

பாவி யார் என்ற அந்தப் பழைய பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்காமல் அதைப் பின்தொடர்ந்து போனால், அறத்தைப் பற்றிய கடினமான கேள்வி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த இணைக்கு என்ன நேர்ந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆனால், இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்த காலம் அது. வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியது. திருக்கழுக்குன்றத்துக்கு வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறும் நாடெங்கும் வேகமாகக் குறைந்தது.

பெருஞ்சரிவுக்கான காரணத்தைப் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் உலகுக்குச் சொன்னது. மாட்டுக்குக் காய்ச்சலும் வலியும் கண்டால் போடப்படும் டைக்ளோஃபினாக் ஊசிதான் அது. ஊசி போட்ட மாடு சில நாளில் இறந்துபோனால், மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெண்மையாகப் படியும். சில நாளில் கழுகும் சாகும். 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது.

இதில் கொலையாளி என்று யாரைச் சொல்வது? மாட்டின் வலி பொறுக்காமல் மருத்துவரை அழைத்தவர் கருணையால் அழைத்தார். மருத்துவரும் கருணையால்தான் ஊசி போட்டார். ஓர் உயிரின் மேல் காட்டிய இரக்கம் இன்னோர் உயிருக்கு நஞ்சானது. இருவருக்கும் அது தெரியாது.

தெரியாமல் செய்த தீங்கு பாவமா என்பதில் சமயங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வினையின் வேர் எண்ணத்தில் இருக்கிறது என்கிறது பௌத்தம். கவனக்குறைவாக இருப்பதையே இம்சையின் தொடக்கமாகச் சமணம் கண்டது. திகம்பரத் துறவிகள் உட்காரும் இடத்தையும் மயிற்பீலியால் மெல்லப் பெருக்கிவிட்டு உட்காருவது அதனால்தான். தமிழ்நாட்டுக்கு நெருக்கமான பதில் மனுநீதிச் சோழன் கதையில் இருக்கிறது. திருவாரூர் வீதியில் அரசகுமாரனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது விபத்து. சாத்திரப்படி பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னதாகவும், அரசன் அதை ஏற்கவில்லை என்றும் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை இன்று யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தாய்ப்பசுவின் இழப்பு, ஓட்டியவனின் எண்ணம் நல்லது என்பதால் குறைந்துவிடாது என்று அவன் கண்டானே, அது இன்றும் நிற்கும் நியாயம்.

அப்படியானால் அறிந்துகொள்வதும் அறத்தின் கடமைதான். பறவை பார்க்கப் போவதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாததும் இதனால்தான்.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் இதற்குச் சான்று. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அங்குள்ள உழவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அந்த உழவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் கௌல் என்ற உறுதிப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களான ராம்சர் தலங்கள் ஆயின. உரத்துக்காகக் காத்ததில் அறம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் தன் வாழ்வும் பறவையின் வாழ்வும் எங்கே முடிச்சுப் போட்டிருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவிலிருந்து பிறந்த பொறுப்பு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியிருக்கிறது.

விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வேடந்தாங்கல் கரைக்கு வரும் குடும்பம் அதே அறிவை ஒரு காலைப்பொழுதில் தொடங்கலாம். நத்தைகுத்தி நாரையைத் தொலைநோக்கியில் பார்த்தால், அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க ஏற்ற அலகு அது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். நத்தை எங்கே கிடைக்கும் என்று பிள்ளை கேட்டால், ஏரியைச் சுற்றியுள்ள வயல்களைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த வயல்களில் என்ன தெளிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கேளம்பாக்கம் உப்பங்கழியில் பூநாரைகளைப் பார்த்தாலும் இதே கதைதான்: கழிக்குள் எந்தத் தண்ணீர் வந்து சேர்கிறது என்று கேட்காமல் வீடு திரும்ப முடியாது.

வேட்டைக்காரனுக்கும் பறவையை நன்றாகத் தெரியுமே, அறிவு மட்டும் கருணையாகிவிடுமா என்ற மறுப்பு நியாயமானது. ஆகாது. கணுப்பொங்கலன்று காக்கைக்கும் குருவிக்கும் சோறு வைக்கும் வீடுகளில் கருணைக்குக் குறைவில்லை, குறைவது அறிவு. அதே பொங்கல் நாள்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். சோறு வைத்த கையே குறிப்பேட்டையும் எடுத்தால், எது குறைகிறது, எப்போதிலிருந்து குறைகிறது என்பது ஊருக்கே தெரியவரும். கழுகுகளுக்கு அப்படி ஊர்தோறும் கணக்கு இருந்திருந்தால் அவற்றின் சரிவு இன்னும் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

சோழனின் அமைச்சர்கள் சொன்ன பிராயச்சித்தத்துக்கு இப்போது வேறு பொருள் கிடைக்கிறது. கழுகைக் கொல்லாத வலிமருந்து இருக்கிறது. மெலாக்சிகாம் அதில் ஒன்று. கழுகுகளுக்கு ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் ஆகிய மருந்துகளைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2023-இல் மத்திய அரசு தடை விதித்தது. தமிழகத்தில் மிஞ்சியிருக்கும் கழுகுகள் பெரும்பாலும் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மாடு வளர்ப்பவர் கால்நடை மருத்துவரிடம், போடப்போகும் ஊசியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குக் காசு செலவில்லை. இனிமேல் அதைக் கேட்காமல் இருப்பதைத் தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல முடியாது.