நிற்பவர் யார்?

வீட்டில் ஓர் அறையை விளையாட்டுக்கென்றே ஒதுக்கும் வழக்கம் இன்று பரவி வருகிறது. முன்பு கடைத்தொகுதிகளில் காசு போட்டு ஆடிய மின்னணு விளையாட்டுப் பொறிகள் இப்போது சிறிய வடிவில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மூன்று அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு. மகன் தன் ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஒரு பொறியை வாங்குகிறான். அறைக்கு வண்ணம் பூசுகிறான்; குளிர்சாதனம் பொருத்துகிறான். இறுதியாக, நெடுநேரம் ஆடினாலும் முதுகு வலிக்காத மெத்தை நாற்காலி ஒன்றையும் வாங்கி வைக்கிறான். அத்துடன் அறை நிறைவு பெற்றதாக அவன் கருதுகிறான்.

இதில் அறத்திற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். உழைத்த பணத்தில் ஒருவன் தன் உடலுக்கு இதமான இருக்கை ஒன்றை வாங்குவது குற்றமாகாது. எனினும், ஓர் இருக்கை வாங்கப்படும்போது அமர்பவர் யார் என்பது முடிவாகிறது. அந்த அளவில், நிற்பவர் யார் என்பதும் உடன் முடிவாகிவிடுகிறது. முதல் முடிவை எல்லாரும் அறிந்தே எடுக்கின்றனர்; இரண்டாவது முடிவைப் பெரும்பாலோர் அறியாமலே எடுத்துவிடுகின்றனர். அறியாமல் எடுத்த அம்முடிவைத்தான் அறம் கேள்விக்கு உட்படுத்துகிறது.

தமிழில் 'அமர்தல்' என்னும் சொல் எண்ணத்தக்கது. உட்காருதல் என்பது அதன் வழக்கமான பொருள். விரும்புதல், பொருந்துதல், அமைதியடைதல் என்ற பொருள்களிலும் அது வழங்குகிறது. பெயராக நிற்கும்போது 'அமர்' என்பது போரையும் குறிக்கும். அமர்க்களம் என்ற சொல் அதனால் பிறந்தது. விளையாட்டுத் திரையின்முன் இருப்பவனுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. கண்ணும் கையும் போரிடுகின்றன, உடல் அமர்ந்திருக்கிறது. விருப்பம் என்னும் மூன்றாம் பொருளே அவன் உள்ளத்தை இன்னாரென்று காட்டுவது. அவன் விரும்பியது ஆட்டத்தை மட்டுமா, உடன் ஆடுவாரையும் சேர்த்தா என்பதை அந்த அறையில் உள்ள இருக்கைகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

இப்பொறிகள் தோன்றிய காலத்தில் அவற்றின்முன் பெரும்பாலும் இருக்கை இருந்ததில்லை. 1972-இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தையும், 1980-இல் நாம்கோ நிறுவனம் 'பேக்மேன்' ஆட்டத்தையும் உலகெங்கும் பரப்பின. இவை பெரும்பாலும் ஆள் உயரப் பெட்டிகளாக நின்றன. ஆடுவோரும் நின்றுகொண்டே ஆடினர். இதற்கு வணிகம் காரணமாயிற்று. நிற்பவன் விரைவில் களைப்பான். களைத்தவன் இடம் விடுவான். அடுத்தவன் காசு போடுவான். நாற்காலி வைத்தால் ஆள் தங்கிவிடுவான் என்பது கடைக்காரரின் கணக்கு.

அதே காலத்தில் ஜப்பானியத் தேநீர்க் கடைகளில் வேறொரு வடிவமும் இருந்தது. அது மேசை போன்றது. மேற்புறக் கண்ணாடிக்கு அடியில் திரை கிடக்கும். இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவரின் முறை முடிந்ததும் திரையில் உள்ள படம் தலைகீழாகத் திரும்பி மற்றவரை நோக்கும். அந்த மேசையில் எதிராளிக்கும் ஓர் இருக்கை உண்டு. அவர் அருந்தும் கோப்பைக்கும் இடம் உண்டு. தமிழர் வீட்டுப் பல்லாங்குழியும், அதற்கு உறவான மலாய் மக்களின் சோங்காக் ஆட்டமும் இந்த இயல்பையே உடையவை. பலகையின் இருபுறமும் இருவர் அமராவிட்டால் அங்கே ஆட்டமே இல்லை. ஆகவே, எதிராளியை முதலில் அமரச் செய்வதே அவ்விளையாட்டுகளின் தொடக்கம் எனலாம்.

பினாங்கின் பழைய நகர் இருக்கையைப் பகிர்ந்த நகர். பினாங்குத் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளில் ஒரே நீண்ட கூடத்தில் பல தொழில் நிலையங்கள் இயங்கின. ஒவ்வொருவருக்கும் ஒரு தாழ்ந்த மரப்பெட்டி. அதன் பின்னே தரையில் ஓர் இடம். முதலாளி, கணக்கர், தொழில் பழகவந்த பெட்டியடிப் பையன் எல்லாரும் ஒரே தரையில் அமர்ந்தனர். அவர்களிடையே உயர்வு தாழ்வு இல்லாமற் போகவில்லை. ஆயினும் அந்த ஏற்றத்தாழ்வைக் காட்ட நாற்காலி துணை நிற்கவில்லை.

வெளியே கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைவழி ஓடுகிறது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க உதவும் இந்த வழியை மலாய் மக்கள் 'காக்கி லீமா' என்பர். சிங்கப்பூருக்கு 1822-இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தோடு இணைத்துப் பேசப்படும் இவ்வமைப்பு பினாங்குக் கடைத்தெருக்களிலும் வேரூன்றியது. சட்டம் அதை நடப்பதற்கென வகுத்தது. மக்களோ அதை அமர்வதற்கும் ஆக்கிக்கொண்டனர். பூத்தொடுப்பவரும் கிளிச் சோதிடரும் அங்கே கடை விரித்தனர். இரவுக் காவலர் அங்கே கயிற்றுக் கட்டில் இட்டுப் படுத்தனர். மாலையில் வீட்டார் முக்காலிகளை வெளியே இழுத்துப் போட்டு வழிப்போக்கரிடம் ஊர்ச்செய்தி கேட்டனர். தமிழகத்துத் திண்ணை செய்த பணியை இங்கே ஐந்தடி வழி செய்தது. திண்ணை கட்டியவர் அதைத் தமக்காக மட்டும் கட்டவில்லை; பெயர் தெரியாத ஒருவர் இளைப்பாறுவார் என்ற எண்ணத்துடனும் கட்டினார்.

2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தபின், நகர நடுவில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால் முக்காலியை வெளியே இழுத்துப் போடும் கைகள் குறைந்தன. அடுக்குமாடி வீட்டில் திண்ணை இல்லை. ஐந்தடி வழியும் இல்லை. கதவுக்குப் பின்னால் மெத்தை நாற்காலி இருக்கிறது. இருக்கையின் இதம் கூடியது; அதைப் பகிரும் வாய்ப்புச் சுருங்கியது.

நிற்பதும் இருப்பதும் உடலின் நிலைகள் மட்டுமே என்று கொள்வதற்கு வரலாறு இடம் தரவில்லை. தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் சாதியின் பெயரால் சிலருக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டது. விசிப்பலகையில் அமரும் உரிமையும் மறுக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களில், வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்துக் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டியிருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு இந்த இழிவை நீக்குமாறும் கேட்டனர். வயிற்றுக்குக் கேட்ட அதே மூச்சில் மிதிவண்டியின் இருக்கைக்கும் அவர்கள் கேட்டனர். மானத்தின் அளவு அந்தச் சிறிய தோலிருக்கையில் இருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர்.

இது கடந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் வேலை செய்யும் பெண்கள், வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் உட்காரக் கூடாது என்ற கட்டுப்பாடு அண்மைக் காலம்வரை இருந்தது. கால் வீக்கமும் நரம்புச் சுருளும் அவர்களுக்குக் கிடைத்த ஊதியத்தின் பகுதியாயின. கோழிக்கோட்டுக் கடைத்தெருவில் இப்பெண்கள் நடத்திய போராட்டத்தின் பயனாகக் கேரள அரசு 2018-இல் அவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வசதி அமையவேண்டும் என்று விதித்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணும்போது, அந்த ஒரு பலகைத் துண்டின் பெறுமதி விளங்கும்.

இருக்கையைப் பிறருக்கு ஈந்த மரபையும் தமிழ் அறியும். புறநானூற்றின் 50-ஆம் பாட்டில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. மோசிகீரனார் என்னும் புலவர் வழிநடைக் களைப்பால், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், முரசு வைக்கும் கட்டில் என்று அறியாமல் அதன்மேல் ஏறி உறங்கிவிட்டார். முரசு நீராட்டுக்காக வெளியே சென்றிருந்தது. அது புனிதமான கட்டில். அதன்மேல் ஏறியவர் வாளுக்கு இரையாவது அக்கால வழக்கு. அங்கே வந்த மன்னன் வாளை ஓச்சவில்லை. விசிறியை எடுத்து, உறங்கும் புலவருக்கு வீசினான். அமரவேண்டிய அரசன் நின்றான். நிற்கவேண்டிய இரவலர் கிடந்து உறங்கினார். கட்டிலின் தூய்மை அதனால் குறைந்ததாக யாரும் பாடவில்லை. களைத்தவர் யார் என்று பார்த்து இடம் தருவதே அம்மன்னனின் பெருமையாகப் பாடப்பட்டது.

இந்த அளவுகோலைக் கொண்டு வீட்டு விளையாட்டறைக்குத் திரும்பலாம். இதமான இருக்கையே தீங்கு என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை உண்டு. நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதைக் குறைக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி அறிவுறுத்துகிறது. வாழ்வின் பிற கடமைகளை விழுங்கிவிடும் அளவுக்கு முற்றிய விளையாட்டு வேட்கையை அந்நிறுவனத்தின் நோய் வகைப்பாடு 2022 முதல் ஒரு நோயாகவே கொள்கிறது. எனினும் பழியை நாற்காலியின்மேல் போடுவது நேர்மையாகாது. கடினமான பலகையில் அமர்ந்தும் ஒருவன் தன்னை இழக்கலாம். மெத்தையில் அமர்ந்தும் ஒருவன் அளவறிந்து எழலாம். அருகில் இன்னொருவர் அமர்ந்திருந்தால், நேரமாயிற்று என்று சொல்ல ஒரு குரலாவது இருக்கும். தனி இருக்கையில் அக்குரலுக்கு இடமில்லை.

இன்னும் சிலர், தன் வீட்டில் தன் பணத்தில் செய்வதற்கு யாரைக் கேட்கவேண்டும் என்பர். இவ்வாதம் சட்டத்தின்முன் செல்லும். சட்டம் கேட்காத இடங்களிலேதான் அறம் மிகுதியாகக் கேட்கிறது. கடை முதலாளியிடம் பணியாளருக்கு இருக்கை எங்கே என்று கேட்க ஆய்வாளர் வருவார். வீட்டுக்குள் எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே கேட்கவேண்டியது வீட்டாரின் மனச்சான்று ஒன்றே.

அந்த மனச்சான்று கேட்கவேண்டிய முதல் கேள்வி விளையாட்டறையைப் பற்றியது. தம்பி அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறான். பாட்டி வாசலில் நின்று, என்ன ஆட்டம் இது என்று வினவிவிட்டுப் போய்விடுகிறாள். விலையுயர்ந்த ஒரு நாற்காலியின் இடத்தில் எளிய இரண்டு இருக்கைகள் போடலாம். தாழ்ந்த மெத்தையில் அமர்ந்தால் பாட்டியால் எழ முடியாது. ஆகவே கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி ஒன்று அவளுக்கென ஒரு மூலையில் இருக்கலாம். அவள் ஆட்டம் புரிந்து வருவதில்லை. பேரன் முகத்தைப் பார்க்க வருகிறாள். அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

இரண்டாம் கேள்வி இதனினும் கடினமானது. அதற்கு விளையாட்டறையைவிட்டு வெளியே வரவேண்டும். பழைய சமையற்கட்டில் பெண்கள் தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கினர். மணையிட்டு அமர்ந்து அம்மியில் அரைத்தனர். அது எளிய உழைப்பன்று. முதுகை முறித்த உழைப்பே. ஆயினும் அங்கே அமர ஒரு மணை இருந்தது. இன்றைய சமையலறையில் அடுப்பும் கழுவுதொட்டியும் மேடையேறிவிட்டன. வசதி பெருகிற்று என்று அனைவரும் கூறுகின்றனர், உண்மையே. ஆனால் அந்த மேடையின்முன் தாய் நின்றுகொண்டிருக்கிறாள். காலையில் நிற்கிறாள், வேலைக்குப் போய்த் திரும்பி மாலையிலும் நிற்கிறாள். மகனின் முதுகு வலிக்காதிருக்க நாற்காலி வாங்கிய வீட்டில், அவள் கால் வலிக்கு ஒரு முக்காலி உண்டா?

தன் தாயின்மேல் அன்பில்லாமல் அம்மகன் இதைச் செய்யவில்லை. கேட்டால் உயிரையும் தருவான். ஆனால் அவள் கேட்பதில்லை, அவனுக்குத் தோன்றுவதுமில்லை. வீடுகளில் நிகழும் அநீதிகளிற் பல இவ்வாறே கொடுமை மனம் ஏதுமின்றி, கவனம் இன்மையால் நிகழ்கின்றன. கொடுமையை எதிர்த்துப் போராட்டம் எழும். கவனமின்மையை எதிர்த்து யார் கொடி பிடிப்பார்? கவனிப்பது ஒன்றே அதற்கு மருந்து.

தைப்பூச நாளில் தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையோரங்களில் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. முன்பின் அறியாத மக்களுக்குப் பினாங்குத் தமிழர் அங்கே நீரும் மோரும் உணவும் தந்து, நிழலில் இளைப்பாறச் செய்கின்றனர். ஆண்டில் ஒருநாள் தெருவில் செய்யும் இந்த அறத்தை ஏனைய நாள்களில் வீட்டுக்குள் செய்யத் தடை ஏதும் இல்லை. அதற்குப் பந்தற்கால் நடவேண்டியதில்லை; வசூல் புத்தகமும் வேண்டியதில்லை. புதிய நாற்காலி வந்து இறங்கும் நாளில் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, யார் இன்னும் நிற்கிறார் என்று கண்டு, அவரை முதலில் அதில் அமரச் சொன்னால் போதும்.