ரேகை விழாத கை

கணினி அன்றாட வாழ்வில் நிகழ்த்திய மாற்றத்தை வேகத்தைக் கொண்டு அளப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒருவரை இன்னார் என்று சொல்லும் உரிமை யாரிடமிருந்து யாரிடம் போயிற்று என்று பார்த்தால்தான் அம்மாற்றத்தின் ஆழம் தெரியும். தமிழகத்தில் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்படும் வரை, ஊரின் நிலக்கணக்கு ஒரு குடும்பத்தின் நினைவிலும் அதன் ஏடுகளிலும் தங்கியிருந்தது. அந்நினைவு முகம் பார்த்தது, சாதி பார்த்தது. ஆகவே அது மறைந்ததற்காக வருந்த வேண்டியதில்லை.

கணினி முகம் பார்ப்பதில்லை. அதன் பெருமையும் சிக்கலும் அதுவே. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் இதை உணர நியாயவிலைக் கடை ஒன்றே போதும். 2017-இல் குடும்ப அட்டை மின்னணு அட்டையாக மாறி, வாங்கிய பொருளின் விவரம் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரத் தொடங்கியபோது, வாங்காத சர்க்கரையை வாங்கியதாக எழுதிவைக்கும் பழைய தந்திரம் குடும்பத்தாரின் கண்ணில் பட வழி பிறந்தது. இது சிறிய நன்மையன்று. 2020 அக்டோபர் முதல் கைரேகைச் சரிபார்ப்பும் சேர்ந்துகொண்டது. விரல்நுனியின் மேடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்னும் புள்ளிகளை உணர்கருவி குறித்துக்கொள்ள, ஆதார் பதிவில் உள்ள புள்ளிகளோடு அவை ஒப்பிடப்படுகின்றன. போதிய அளவு ஒத்துப்போனால் அரிசி உண்டு; இல்லையெனில், கடைக்காரர் மொழியில், ரேகை விழவில்லை.

ஆலங்குளம் 1970 முதல் அரசு சிமெண்ட் ஆலையை உடைய ஊர். சுற்றுவட்டாரமோ தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பஞ்சாலைக்கும் பெயர்பெற்றது. சிமெண்ட் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் காரத்தன்மையால் தோலை அரிக்கும். உராய்ந்து தேய்க்கவும் செய்யும். முதுமை எஞ்சிய மேடுகளையும் தட்டையாக்கிவிடும். உழைத்ததற்குக் கையே சாட்சி என்பார்கள். இங்கோ உழைப்பு மிகுந்த கைதான் தன்னைத் தானே மெய்ப்பிக்க முடியாமல் போகிறது. எதிரே நிற்பவரை நாற்பது ஆண்டுகளாக அறிந்த கடைக்காரரின் அறிவுக்கு அக்கருவியில் இடமில்லை.

பெயரின் கதை இதற்குத் தம்பி. மாரியம்மாள் என்பது தமிழில் ஒரே பெயர். ஆங்கில எழுத்தில் அதை இரண்டு மூன்று விதமாக எழுதலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு ஒரு 'ஒய்' கூடினாலும் ஆள் வேறு. ஆதாரில் ஒன்றும் வங்கிக் கணக்கில் மற்றொன்றுமாக இருந்துவிட்டால், அவர் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, பதிவுக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்கிறார். பதிவு மனிதரைப் பின்பற்றிய காலம் போய், மனிதர் பதிவைப் பின்பற்றும் காலம் வந்திருக்கிறது. இக்குறையைக் கணினியின் மேல் ஏற்றுவது நியாயமன்று. விதிவிலக்குக்கு ஒரு கட்டம் ஒதுக்காமல் படிவத்தை வகுத்தவர்கள் மனிதர்களே.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, அதாவது மக்கள் வழக்கில் ஓடிபியை, சொன்னாலும் பொருள் தரப்படும். ஆனால் அந்த எண் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலைபார்க்கும் மகனுடையதாக இருக்கிறது. பணிநேரத்தில் அவன் எடுக்கும் வரை, ரேகை விழாத கிழவியின் பை விரிந்தபடியே இருக்க, பின்னால் நிற்பவர்கள் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்தக் கிழவி யாரென்று தெரியும்.