யாருடைய நல்ல ஆண்டு?

2016-ன் கடைசி இரண்டு மாதங்களில் மைசூரின் மேட்டகள்ளியில் இருக்கும் ரூபாய் நோட்டு அச்சகத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்தும் அச்சகம் அது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரவோடு கடைவீதியில் செல்லாமல் போயிற்று. அந்தப் பள்ளத்தை நிரப்ப அச்சு இயந்திரங்கள் இரவு பகலாக ஓடின. 2016–17-ல் நோட்டு அச்சிட மட்டும் ரிசர்வ் வங்கி செலவழித்தது 7,965 கோடி ரூபாய். முந்தைய ஆண்டுச் செலவு 3,421 கோடிதான். அச்சகங்களின் பக்கம் நின்று பார்த்தால், ஒரே ஆண்டில் வரவு இரு மடங்கைத் தாண்டிவிட்டது. எந்த முதலாளியும் பொறாமைப்படக்கூடிய வளர்ச்சி.

அதே நாட்களில் நாட்டின் எல்லா ஊர்களையும்போல மைசூரிலும் ஏ.டி.எம். வாசலில் வரிசை நின்றது. அன்றாடங்காய்ச்சிகள் வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த வரிசையில் நின்றார்கள். ஊரிலேயே அதிகம் ஓடிய தொழிற்சாலை, ஊரும் நாடும் ஓடாததால்தான் ஓடியது.

நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளைப் படித்துவிட்டு நாடு எப்படி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. லாபம் கூடினால் பொருளாதாரம் நன்றாக இருக்கிறது, குறைந்தால் மந்தம். இது பத்திரிகைத் தலைப்பு எழுதுகிறவர்களின் அவசரம் மட்டுமல்ல. 2015-ல் அறிமுகமான ஜி.டி.பி. கணக்கு முறையிலேயே இதற்கு இடம் இருந்தது. பெரிய நிறுவனங்கள் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்யும் கணக்குகள் அதில் முக்கிய ஆதாரம். பெட்டிக்கடை, தறிக்கூடம், தெருவோர வியாபாரம் ஆகியவற்றை ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் ஏற்பாடு அப்போது இல்லை. பழைய கணக்கெடுப்பு ஒன்றை அடிப்படையாக வைத்து, அமைப்புசார்ந்த துறையின் போக்கையும் துணைக்குச் சேர்த்துத்தான் அவற்றை மதிப்பிட்டார்கள். பெட்டிக்கடைக்காரர் இழந்த வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், சூப்பர் மார்க்கெட்டின் வளர்ச்சியை வைத்துப் பெட்டிக்கடையும் வளர்ந்ததாகக் கணக்கு சொல்லிவிடும் அபாயம் உண்டு என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் அப்போதே எச்சரித்தார்கள். பணமதிப்பு நீக்கம் நடந்த அந்த 2016–17-ன் வளர்ச்சி முதலில் 7.1 சதவீதம் என்று வந்தது. பிறகு திருத்தித் திருத்தி 8.3 ஆயிற்று. வரிசையில் நின்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மைசூரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண் 1952-ல் ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’ நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் மார்கய்யா கூட்டுறவு நிலவங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, குடியானவர்களுக்குக் கடன் மனு எழுதித் தருபவன். யார் எவ்வளவு முழுகியிருக்கிறார்கள் என்பது வங்கிச் செயலாளரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு போர் வருகிறது, கள்ளச்சந்தைப் பணம் புரள்கிறது, ஒளித்து வைக்க இடம் தேடுகிறது. மார்கய்யா ஆசை காட்டும் வட்டிக்கு அந்தப் பணத்தை டெபாசிட்டாக வாங்கிக் குவிக்கிறான். வீட்டில் நோட்டுக்கட்டு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. அந்த வருடங்களில் அவன் நிறுவனத்துக்கு ஆண்டறிக்கை எழுதியிருந்தால் நாவலின் ஊரான மால்குடியிலேயே அதுதான் பிரமாதமான அறிக்கையாக இருந்திருக்கும். ஒரு வதந்தி கிளம்பியதும் எல்லாம் கரைந்துபோகிறது. மரத்தடியில் இருந்தவரை ஊரின் நிலைமை அவன் விரல் நுனியில் இருந்தது, பணம் குவிந்த பிறகு அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. நாராயண் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு என்னவோ அவர் பல பொருளாதாரப் பேராசிரியர்களைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார் என்றுதான் படுகிறது.

இதன் மறுபக்கமும் மைசூர்க் கதைதான். 1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்றுபோனது. வாங்க ஆளில்லாமல் கட்டை தேங்கியது. சமஸ்தானத்தின் வருவாயில் பெரிய ஓட்டை. அன்றைய வியாபாரக் கணக்கை மட்டும் பார்த்தவர் தலையில் கைவைத்திருப்பார். ஆனால் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் கட்டையை விற்பதற்குப் பதில் எண்ணெயாக வடிக்க ஏற்பாடு செய்தார்கள். பெங்களூரிலும் மைசூரிலும் ஆலைகள் எழுந்தன, அந்த எண்ணெயிலிருந்து மைசூர் சந்தன சோப்பு பிறந்தது. நூறாண்டு கடந்தும் அது விற்கிறது.

ஐடியல் ஜாவாவையும் சொல்ல வேண்டும். 1961 முதல் மைசூரில் ஜாவா, பிறகு யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஆலை 1996-ல் மூடியது. குறைந்த பெட்ரோலில் ஓடும் ஜப்பானியக் கூட்டு வண்டிகள் சந்தையைப் பிடித்திருந்தன. ஆலை மூடிய அந்தச் சமயத்தில் நாட்டின் வளர்ச்சி ஏழு சதவீதத்தையொட்டி இருந்தது. 2018-ல் ஜாவா என்ற பெயர் வேறொரு நிறுவனத்தின் கையில் மறுபடி சந்தைக்கு வந்தது. வண்டி தயாராவது மத்தியப் பிரதேசத்துப் பீத்தம்பூரில். பெயர் பிழைத்துக்கொண்டது, மைசூர்த் தொழிலாளிக்கு அதில் வரவு எதுவும் இல்லை.

கணக்குப்பிள்ளைகள் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். ஒரு நிறுவனத்தின் வரவு அதன் வாடிக்கையாளருக்குப் பற்று. நிறுவனத்தின் அறிக்கை இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறது. பணம் கொடுத்தவர் கையில் மிச்சம் இருந்ததால் மனமுவந்து கொடுத்தாரா, வேறு வழியில்லாமல் கொடுத்தாரா என்பது அதில் வராது. மருத்துவமனையின் நல்ல ஆண்டும் மிட்டாய்க் கடையின் நல்ல ஆண்டும் அறிக்கையில் ஒரே மாதிரிதான் தெரியும். பொருளாதாரத்தின் நிலை எழுதப்பட்டிருப்பது பணத்தைக் கொடுத்தவர் வீட்டில். அங்கே போகாமல் லாபத்தை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும், யாருடைய நல்ல ஆண்டு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. மத்திய அரசின் 2024–25 பொருளாதார ஆய்வறிக்கையே இதன் ஓரத்தைத் தொட்டது: 2023–24-ல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியது, அவற்றின் வேலைவாய்ப்பு 1.5 சதவீதம்தான் கூடியது என்று அது எழுதியது. சம்பளம் வாங்குகிறவர்தானே நாளைக்குக் கடைக்கு வர வேண்டும்!

மைசூரிலும் சரி, மதுரையிலும் சரி, இப்போது கடைத்தெருவில் கண்ணில் படுவது நகைக்கடன் பலகைகள். 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் வங்கிகளின் நகைக்கடன் நிலுவை இரண்டு மடங்கைத் தாண்டியது என்கிறது ரிசர்வ் வங்கிக் கணக்கு. கடன் கொடுப்பவர்களுக்கு நல்ல ஆண்டு. தங்கம் விலை ஏறியது ஒரு காரணம். வேறு தலைப்பில் இருந்த கடன்களை நகைக்கடன் தலைப்புக்கு மாற்றியது இன்னொரு காரணம். மீதிக்கு, கடைக்குச் சரக்கு எடுக்க வளையலை வைத்தவரும் உண்டு, மகனின் காலேஜ் பீஸுக்குத் தாலிக்கொடியை வைத்தவரும் உண்டு. மனுவில் ‘கடனின் நோக்கம்’ என்று ஓர் இடம் இருக்கும். விவசாய நகைக்கடனுக்கு வட்டி குறைவு என்பதால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்தவரிடமும் அந்த இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்திலேயே யாராவது இருப்பார்கள். அப்படி எழுதப்பட்ட தொகை, அந்த ஆண்டின் வேளாண் கடன் வளர்ச்சியில் போய்ச் சேரும்.