கலைக்கு விலை கேட்பதா?

"இந்தக் கிறுக்கலுக்கா இருநூறு ரூபாய்?"

கேட்டவர் கெட்டவர் அல்லர். ஊத்துக்கோட்டைக் கடைவீதிக்கு மளிகை வாங்க வந்தவர். பையிலே பருப்பு, பார்வையிலே கணக்கு. எடை குறைந்தால் எடுத்துச் சொல்லும் துணிவு படைத்தவர். வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே கயிறு கட்டி, துணி உலர்த்தும் கவ்விகளால் தொங்கவிட்டிருந்த படங்களுள் ஒன்றைச் சுட்டிக்காட்டித்தான் கேட்டார். ஆரணியாற்று மணலிலே ஊற்றுத் தோண்டி, சொம்பால் நீர் மொள்ளும் ஒரு பெண்ணின் படம் அது. வரைந்தவன் பத்தாம் வகுப்பு மாணவன். விடைகூற வாய் திறந்தான், சொல் வரவில்லை. நம்மைப் பார்த்தான். நமக்கும் வரவில்லை.

பொங்கல் விடுமுறையிலே, மாணவர் சிலரும், பெயர்ப்பலகை எழுதும் தோழர் இருவரும், ஆசிரியராகிய நாமும் கூடி நடத்திய இரண்டு நாள் தெருச் சந்தை அது. பந்தல் இல்லை, பரிவட்டம் இல்லை, நாடா வெட்டிட அமைச்சர் இல்லை. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் பேருந்துகள் புழுதி வாரி இறைக்க, தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் அந்த எல்லையூர்த் தெருவிலே, படங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான்.

முதலாமவர் சென்ற சிறிது நேரத்தில் மற்றொருவர் வந்தார். படித்தவர், பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் விலை கேட்கவில்லை, வேதனைப்பட்டார். "கலை தெய்வீகமானது, கலைமகளைத் தெருவிலே நிறுத்திக் கூவி விற்பதா?" என்றார். முன்னவர் விலை அதிகம் என்றார்; பின்னவர் விலையே ஆகாது என்றார். இருவரும் போன பிறகு பையனின் கையைப் பார்த்தோம். இருவர் வாதமும் அங்கே ஒரே தொகையாகத்தான் முடிந்திருந்தது: சுழி!

அன்று வாயில் வராத விடையைத்தான் இங்கே எழுத்தில் தேடுகிறோம், தோழர்களே.

கலை தெய்வீகம், அதற்கு விலை கேட்பது இழிவு என்று கூறுவோர், நெல்லுக்கு விலை கேட்பது இழிவு என்று கூறுவதில்லை. ஏன்? நெல் அவர்கள் களஞ்சியத்திலே இருக்கிறது. ஓவியம் பிறர் கையிலே இருக்கிறது! மன்னர் காலத்துக் கலைஞன் விலை கேட்டானா என்பர். அவனுக்கு நிலம் மானியமாகத் தரப்பட்டது. மானியம் என்பது என்ன? முன்கூட்டியே, தலைமுறைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்ட விலை. பெயர்தான் வேறு. அந்த விலையோடு வேறொன்றையும் சேர்த்தே கொடுத்தனர்: கல்லைச் சிலையாக்கிய கை, குடமுழுக்கு முடிந்தபின் அந்தச் சிலையைத் தொடலாகாது என்ற தடையை! உளி படும்போது தீட்டில்லை. உருவம் ஆனபின் தீட்டு! கலையைத் தெய்வீகமாக்கியவர்கள் கலைஞனை எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தமிழன் என்றுமே இப்படி எண்ணியவனல்லன். மதுரைக்காஞ்சியைப் புரட்டுங்கள். மாங்குடி மருதனார் காட்டும் மதுரை அங்காடித் தெருவிலே, சங்கறுப்போரும், மணி துளையிடுவோரும், பொற்கொல்லரும், துணி விற்போரும் நெருங்கி நிற்கும் கூட்டத்தில் ஓவியரும் நிற்கின்றனர். 'கண்ணுள் வினைஞர்' என்பது அவர்க்கு அங்கே வழங்கும் பெயர். காண்போர் கண்ணுக்குள்ளே தொழில் செய்பவர்! அவர் அங்காடியிலே நின்றதற்காகப் புலவர் நாணவுமில்லை, நகைக்கவுமில்லை.

பெருஞ்சித்திரனார் செய்தியோ இன்னும் கூர்மையானது. புறநானூற்றின் 208-ஆம் பாட்டு. குன்றும் மலையும் கடந்து அதியமானை நாடி வருகிறார் புலவர். மன்னன் அவரைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். வறுமையாளர்தாம், எனினும் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் தரும் பொருளை வாங்கிச் செல்ல நான் வாணிகன் அல்லன். என் தகுதியை அளந்தறிந்து தந்தால் தினையளவு பொருளும் இனிது என்கிறார். மேலோட்டமாகப் படிப்போர், வாணிகத்தை வெறுத்த புலவர் என்று முடித்துவிடுவர். நாமும் கல்லூரி நாளில் அப்படித்தான் தேர்வுத் தாளில் எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். இப்போது படிக்கையில் வேறாகத் தோன்றுகிறது. அவர் பொருளை வெறுக்கவில்லை. பாராமல் வீசிய பொருளை வெறுத்தார். தினையளவாயினும் பார்த்துத் தா என்கிறார். விலைக்கும் பிச்சைக்கும் உள்ள வேறுபாடு தொகையிலே இல்லை, பார்வையிலே இருக்கிறது என்பதல்லவா அதன் பொருள்?

பாராமல் வாங்கப்பட்ட கலையும் நம் பக்கத்திலேயே உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் பழவேற்காடு. 17-ஆம் நூற்றாண்டிலே டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டி அமர்ந்து, சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளைக் கப்பலேற்றினர். துணியைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்கினர். துணியிலே பூவும் கொடியும் தீட்டிய கைகளின் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியுமா? துணிகள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வாழ்கின்றன. தீட்டியவன், உடுத்தியவளைக் காணவில்லை. உடுத்தியவள், தீட்டியவனைக் காணவில்லை. இடையிலே இருந்தவன் மட்டும் இருவரையும் கண்டான், கொழுத்தான்.

அந்தக் கரையின் பெயரையே சூடிக்கொண்டு பிறிதொரு முயற்சி பிறந்தது 1966-இல். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலிலே நிலம் வாங்கி, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினர். நிலத்துக்குப் பணம்? வள்ளல் எவரும் வாரி வழங்கவில்லை. துணியிலே மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலையைச் செய்தனர், விற்றனர், விற்ற காசிலே மனை வாங்கினர். கல்லூரியை விட்டு வெளியேறும் ஓவியன், வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் எழுத்தனாகித் தூரிகையை மறந்துவிடுகிறானே என்ற கவலைக்கு அவர்கள் கண்ட மருந்து அது. கைவினை சோறு போட்டது; சோறு உண்ட கை, எவருக்கும் தலைவணங்காமல் தன் ஓவியத்தைத் தீட்டியது. எழுத்தா, எண்ணா, சாதகக் கட்டமா என்று பார்ப்போர் மயங்கும் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, வாங்குவோர் விருப்பம் கேட்டுத் தீட்டப்பட்டதன்று. விற்கத் தெரிந்ததாலேயே விலைபோகாமல் இருக்க முடிந்தது அவர்களால்.

ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை. அந்தக் கிராமத்தின் காட்சிக்கூடத்துக்கு வருவோர் பெரும்பாலும் தேடிக்கொண்டு வருவோர். பருப்புப் பையோடு வீடு திரும்புவோர் அவ்வழி செல்வதில்லை. பெங்களூரில் ஆண்டுதோறும் சனவரியில் ஒருநாள் கர்நாடக சித்திரகலா பரிஷத்தார் குமார கிருபா சாலையையே மறித்துச் சித்திரச் சந்தை நடத்துகின்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நடைபாதையிலே படங்களைச் சாய்த்து வைத்து விற்கின்றனர். நியூயார்க்கிலும், 1930-களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தம் வாட்டிய வேளையிலே, வாடகை கொடுக்க வழியற்ற ஓவியர் வாசிங்டன் சதுக்கத்து நடைபாதைக்குப் படங்களைத் தூக்கி வந்தனர். அங்கெல்லாம் தெரு இழிவாகத் தோன்றவில்லை. நம் பேரூருக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

தெருவிலே ஓவியம் நமக்குப் புதிதுமன்று. சுண்ணாம்படித்த சுவரிலே, இரவோடிரவாக, ஏணிமேல் நின்று எழுத்தும் சின்னமும் தீட்டினானே, அவன் யார்? கண்ணுள் வினைஞனின் பேரனல்லவா? அவன் கையால் வளர்ந்தன கட்சிகள், கூட்டங்கள், நாடகங்கள், திரைப்படங்கள். 2000-க்குப் பின் பிளெக்ஸ் பதாகை வந்தது, ஒரு மணி நேரத்தில் பத்தடி முகம் அச்சாகி வந்தது, ஏணியை இறக்கிவிட்டோம். 'இறக்கிவிட்டார்கள்' என்று எழுதலாம். ஆனால் நம் கூட்டங்களுக்கும் பிளெக்ஸ்தானே கட்டினோம்! சந்தையிலே நம்மோடு நின்ற பெயர்ப்பலகைத் தோழருள் ஒருவர், இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே ஒப்பந்தக் கூலியாக, ஆலைத் தரையில் மஞ்சள் கோடு போடுகிறார். "கோடு நேராக இருந்தால் போதுமாம், வளைவுக்குக் கூலி இல்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை. அதிலே நம் பங்கும் இருந்தது.

சரி, இருநூறு ரூபாய்க்கு வருவோம். இலண்டனிலே 1878-இல் ஒரு வழக்கு. விசிலர் என்ற ஓவியர் தம் இரவுக் காட்சிப் படமொன்றுக்கு இருநூறு கினி விலை வைத்தார். அது ஓவியமன்று, வண்ணத்தை வாரி இறைத்த செருக்கு என்று எழுதினார் கலைத் திறனாய்வாளர் ரசுக்கின். மானநட்ட வழக்குத் தொடுத்தார் விசிலர். 'இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு தொகை?' என்ற பொருளில் கேட்டார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். 'இல்லை, வாழ்நாளெல்லாம் ஈட்டிய அறிவுக்கு' என்ற பொருளில் விடையிறுத்தார் ஓவியர். வழக்கிலே வென்றார், கிடைத்த இழப்பீடோ ஒரு பார்த்திங், கால் பென்னி! செலவு தாங்காமல் அடுத்த ஆண்டே நொடித்துப் போனார். கைத்தொழிலாளியின் பெருமையை அந்த நாட்டிலே உரக்கப் பேசியவர்களுள் ரசுக்கினும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. உழைப்பைப் போற்றியவருக்கும், பழகாத உழைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் பையனுக்கு அந்தப் படத்தை வரைய மூன்று மாலைப்பொழுது ஆயிற்று. ஆனால் அந்த முதுகின் வளைவு மூன்று மாலையில் வந்ததன்று. கணக்கு நோட்டின் ஓரங்களிலே, வரலாற்று நூலின் அட்டையிலே, எத்தனை ஆண்டுகளாக வளைந்து வளைந்து வந்தது அது! அந்த ஓரங்களைச் சிவப்பு மையால் அடித்தவர் நாமே. அவன் கேட்ட இருநூறில், நாம் அடித்த அடிகளுக்கும் பங்கு உண்டு.

இனி, நம்மைத் திணறவைத்த இடம். இரண்டாம் நாள் காலை, பையன் மூன்று பிள்ளையார் படங்களோடு வந்தான். இரவெல்லாம் விழித்துத் தீட்டியவை. சுருட்டப்பள்ளிக் கோயிலுக்குச் செல்வோர் ஒரு மணி நேரத்தில் இரண்டை வாங்கிச் சென்றனர், படம் நூற்றைம்பதாக. நம் முகம் சுருங்கிற்று. "உனக்கே இதில் நம்பிக்கை இல்லையே, தம்பி?" என்றோம்.

"ஐயா, வகுப்பிலே திருவிளையாடற் புராணம் நடத்துகிறீர்களே, உங்களுக்கு அதிலே நம்பிக்கை உண்டா?"

"இல்லை. இலக்கியமாக நடத்துகிறோம்."

"நானும் ஓவியமாகத்தான் வரைந்தேன், ஐயா. மாதம் முடிந்தால் உங்களுக்குச் சம்பளம் வருகிறது" என்றான். திமிர் இல்லை அவன் குரலிலே; அதனால்தான் ஆழமாகத் தைத்தது.

கோவில்பட்டியின் கொண்டையராஜு, நாடகத் திரை தீட்டிய கையால் நாட்காட்டிப் படங்கள் தீட்டினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அதற்கு முன்பே, 1894-இல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் அந்த வழியைத் திறந்திருந்தது. கோயில் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டவன், 1947-இன் ஆலய நுழைவுச் சட்டத்துக்கு முன்பே, கருவறையை மலிவு விலைக்கு வாங்கித் தன் குடிசைச் சுவரிலே மாட்டிக்கொண்டான். அதை விடுதலை என்போமா, விலங்கின் மலிவுப் பதிப்பு என்போமா? நமக்குள் தீராத வழக்கு இது. தீர்ந்ததுபோல எழுத மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. கோட்டையும் வண்ணத்தையும் விற்பவன் ஒருவன். அச்சத்தை விற்பவன் மற்றொருவன். தாயத்து விற்பவன் செம்புக்கா விலை கேட்கிறான்? நம் நடுக்கத்துக்கல்லவா கேட்கிறான்! கடவுளை வரைந்த ஓவியன் பொய்யன் ஆகிவிடுவதில்லை. இதை மாட்டினால் செல்வம் சேரும் என்று அவன் வாய் திறந்த நொடியிலே ஆகிறான். அந்த வாயைத் திறப்பதற்குத் தெருவிலே ஒவ்வொரு நாளும் அழைப்பு வரும். பசித்தவனுக்கு இன்னும் உரக்க வரும்.

நண்பகலிலே வந்தது. மூன்றாம் பிள்ளையாரைக் கையில் எடுத்த ஒரு மூதாட்டி கேட்டார்: "இதை மாட்டினா வீட்டுக்கு நல்லது நடக்குமா, தம்பி?"

ஆம் என்றால் நூற்றைம்பது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், குறுக்கே பேசவில்லை.

"அது எனக்குத் தெரியாது, பாட்டி. தும்பிக்கை வளைவு நல்லா வந்திருக்குது. அது தெரியும்" என்றான்.

மூதாட்டி சிரித்துவிட்டுப் படத்தை வைத்துவிட்டார். அடுத்த படத்துக்கு நகர்ந்தார். ஊற்றுத் தோண்டும் பெண்ணின் முன் நெடுநேரம் நின்றார். "ஊத்துல சொம்பு விட்டு மொள்ளுவாங்களா? மணல் கலங்கிப் போயிடும். கொட்டாங்கச்சியால அள்ளணும், மெல்ல, மேலாப்புல" என்று கையைக் குவித்துக் காட்டினார். பையன் அந்தக் கையையே பார்த்திருந்தான். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவர் ஏறிப் போனார், எதுவும் வாங்காமலே.

மாலையிலே படத்தைக் கயிற்றிலிருந்து இறக்கினான் பையன். சொம்பின்மேல் மணல் நிறத்தைப் பூசி மறைத்து, அங்கே ஒரு கொட்டாங்கச்சியைத் தீட்டினான். காய்ந்தபின், விலைச்சீட்டில் இருநூறை அடித்துவிட்டு இருநூற்றைம்பது என்று எழுதினான்.