அலங்காரமும் ஆணவமும்

கண்ணைக் கவரும் கோலம் ஒன்றைத் திட்டமிட்டு அமைத்து மக்கள் முன் நிறுத்துவது, காண்போரின் பற்றை வளர்க்குமா அல்லது தளர்த்துமா என்னும் கேள்வி, நாள்தோறும் தெய்வத்துக்கு அலங்காரம் செய்யும் எந்தச் சமயமும் விடைசொல்ல வேண்டிய ஒன்றாகும். ஆடம்பர ஆடை நிறுவனங்கள் நடத்தும் ஃபேஷன் ஷோக்கள் இக்கேள்வியை இன்று மீண்டும் கூர்மையாக்கியிருக்கின்றன. ஆறுமுகனின் குன்றும், சைவத் திருமடமும், கண்டாங்கிச் சேலை நெய்யும் காரைக்குடியின் அண்மையும் ஒருங்கே அமைந்த குன்றக்குடி, இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸில் கடை நடத்திய சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் என்னும் ஆங்கிலேயர், ஆடைகளைப் பொம்மைகளுக்கு உடுத்தாமல் பெண்களுக்கு உடுத்தி வாடிக்கையாளர் முன் நடக்கவிட்டதிலிருந்து ஃபேஷன் ஷோ வழக்கம் தொடங்கியதாகக் கூறுவர். இன்று அது பெருநிகழ்ச்சியாக வளர்ந்துவிட்டது. ஃபெண்டி நிறுவனம் 2007இல் சீனப் பெருஞ்சுவரின் மீதும், டியோர் நிறுவனம் 2023 மார்ச்சில் மும்பை இந்தியா நுழைவாயிலின் முன்பும் தம் மாடல்களை நடக்கவிட்டன. மேடையில் தோன்றும் ஆடைகளை வாங்குவோர் மிகச் சிலரே என்றாலும், பெரிய நிறுவனங்கள் பலவற்றின் வருவாயில் வாசனைத் திரவியத்துக்கும் தோல் பைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. எட்டமுடியாத ஓர் உலகத்தைச் சில நிமிடங்கள் காட்டி, அவ்வுலகின் பெயர் பொறித்த சிறு பொருளை எட்டும் விலையில் விற்பதே அக்காட்சியின் வணிக நுட்பம்.

குன்றக்குடி மலைமேல் சண்முகநாதர் ஆறு முகமும் பன்னிரு கரமும் கொண்டு மயில்மீது வீற்றிருக்க, வள்ளியும் தெய்வயானையும் தனித்தனி மயில்களில் காட்சி தருகின்றனர். அபிடேகம் முடிந்ததும் திரையிட்டு, பட்டும் மாலையும் நகையும் சாத்தப்பட, வெளியே நிற்போர் திரையைப் பார்த்தபடி காத்திருக்கின்றனர். மணியோசையுடன் திரை விலகித் தீபம் காட்டப்படும் அச்சிறு பொழுதுக்காகவே பலர் படியேறி வருகின்றனர். காத்திருப்பு, தொலைவு, ஒளி, குறுகிய நேரம் ஆகியவற்றால் காட்சிக்கு மதிப்பேற்றும் முறையில் கருவறைக்கும் ஃபேஷன் மேடைக்கும் ஒப்புமை வெளிப்படை. ஆகவே ஒன்றைப் புனிதமென்றும் மற்றதை மாயமென்றும் ஒதுக்கிவிடுவது விசாரணையாகாது.

சைவ சித்தாந்தம் இங்குத் துணைசெய்கிறது. இறைவனைப் பதி என்றும், உயிரைப் பசு என்றும், உயிரைக் கட்டும் தளையைப் பாசம் என்றும் கூறும் அத்தத்துவம், பாசத்தை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகப் பகுக்கிறது. மாயை என்பது அங்கே பொய்த்தோற்றம் அன்று; உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் தோன்றுவதற்கு மூலமான மெய்ப்பொருள் அது; ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும்வரை உதவும் விளக்காகவே அது பேசப்படுகிறது. அவ்வாறாயின் நூலும் சாயமும் நகையும் மாயையின் காரியங்கள், உயிருக்குப் பயன்படுபவை. அவற்றை விரும்பிக் காண்பதில் குற்றமில்லை. உயிரின் அறிவை மறைத்து ‘யான், எனது’ என்னும் செருக்காக வெளிப்படும் ஆணவமே குற்றத்தின் வேர்.

இவ்வளவுகோலால் பார்க்கும்போது, ஃபேஷன் மேடையின் சிக்கல் துணியில் இல்லை, அத்துணியின் வழியே விற்கப்படும் தகுதியில் உள்ளது. 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் காட்டிய தோல் செருப்பு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூர்ச் செருப்பை ஒத்திருந்தது. முதலில் அம்மூலத்தைக் குறிப்பிடாத நிறுவனம், கண்டனம் எழுந்த பின்னரே அதனை ஒப்புக்கொண்டது. தைத்தவர் மரபு மறைந்து வணிகப்பெயர் மட்டும் விலையை நிர்ணயிக்கும்போது, வாங்குபவர் பெறுவது பிறரிடமிருந்து தம்மைப் பிரித்துக்காட்டும் அடையாளம். அந்த அடையாளம் மலிந்துவிடக் கூடாதென்றே, பர்பரி நிறுவனம் ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருள்களை அழித்தது. 2018இல் எதிர்ப்பு வலுத்த பின்பே அவ்வழக்கத்தைக் கைவிட்டது. கோயிலிலோ சாத்திய மாலையும் ஆடையும் களையப்பட்டுப் பிரசாதமாக அடியாரைச் சேர்வதுண்டு. காட்சி முடிந்தபின் பொருள் எங்கே செல்கிறது என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன.

கோயில் இதனால் மட்டும் குற்றமற்றதாகிவிடாது. ஃபேஷன் மேடையின் முன்வரிசை இருக்கை யாருக்கு என்னும் போட்டிக்கும், பரிவட்டமும் முதல் மரியாதையும் யாருக்கு என்னும் வழக்குக்கும் வேர் ஒன்றே. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவித் தேரின் வடத்தைத் தொடும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது, இறைவனின் அலங்காரத்தையே ஊரின் ஆணவம் தனக்கு அணியாக்கிக்கொள்ளும் என்பதற்குச் சான்று.

எனவே அலங்காரத்தின் தகுதியை இரண்டு சோதனைகள் காட்டும். அணிந்ததைக் களைந்த பின்னும் மதிப்பு நிற்கிறதா என்பது முதற்சோதனை. தைப்பூசத்துக்காக நகரத்தார் குன்றக்குடியிலிருந்து காவடியுடன் பழனிக்கு நடக்கின்றனர். இரு தேவியருடன் மயிலேறி நிற்பவனை வணங்கிப் புறப்பட்டவர்கள், கோவணமும் தண்டும் கொண்ட ஆண்டியைத் தொழச் செல்கின்றனர். இராச அலங்காரமும் ஆண்டிக் கோலமும் ஒருவனுக்கே உரியவை என்று அறிந்தவர்க்கு அணி ஒரு தளையாகாது. பெயர்ச்சீட்டைக் கிழித்த பைக்கோ அதே மதிப்பு நிற்பதில்லை.

அக்காட்சி யாரை வாழவைக்கிறது என்பது இரண்டாவது சோதனை. கோயிலும் குடிமக்களும் ஒருவரையொருவர் தாங்க வேண்டுமென்று வலியுறுத்திய தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995), திருமடத்தின் முயற்சியால் ஊரில் சிறுதொழில்களும் கூட்டுறவும் வளரும் கிராமத் திட்டத்தை நடத்திக்காட்டினார். அவர் வழியில் நோக்கினால், கோலாப்பூர்ச் செருப்பைப் போலவே 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி, நாளை ஏதோவோர் உலக மேடையில் ஏறுவது பெருமையா இழிவா என்னும் கேள்விக்கு விடை எளிது. கட்டமும் அகலக் கரையுமாக அதனை நெய்தவரின் பெயரும் கூலியும் அச்சேலையோடு சேர்ந்து ஏறுமாயின் அது மாயையின் நற்பயன். வெறும் வடிவம் மட்டும் ஏறி, நெய்தவர் தறிக்குழியிலேயே மறைக்கப்படுவாராயின், எவ்வளவு அழகாக இருப்பினும் அது ஆணவத்தின் காட்சியே.