சாமிக்கே ஃபிளாஷா?



போன கார்த்திகை தீபத்துக்கு ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் நின்றிருந்தேன். மாலை 6 மணி. 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏறியது. கேமராவைத் தூக்கி ஆட்டோவில் அடித்தேன், பளீர்னு ஃபிளாஷ். முன்னால் கைகூப்பி நின்ற பாட்டி திரும்பி, "ஏம்ப்பா, சாமிக்கே வெளிச்சம் காட்டுறியா?" என்றார். படத்தில் அவர் நரைமுடி மட்டும் ஜொலித்தது, மலையைக் காணோம். ஃபிளாஷ் சில மீட்டர்தானே எட்டும்!

ஃபிளாஷை அணைத்தேன். இப்போ தீபம் வெறும் வெள்ளைப் பொட்டு. சுற்றி இருக்கும் இருட்டைப் பார்த்து, ஆட்டோ எல்லாத்தையும் வெளுப்பாக்கிவிடுகிறது. எக்ஸ்போஷரை மைனஸ் 2-க்கு இறக்கி, ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்த பிறகுதான் செம்மஞ்சள் சுடர் வந்தது.

அப்போ காவ்யகண்ட கணபதி முனிவர் நினைவு வந்தது. 1907-ல் விரூபாக்ஷ குகையில் கோவணத்தோடு இருந்த இளைஞரை ஊர் 'பிராமண சுவாமி' என்றது. முனிவர்தான் 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்று பெயர் சூட்டினார், முருகனின் அவதாரமாகவே கண்டார். கோவணம் பழனியாண்டிக்கும் உண்டுதானே! ஊர் பார்த்ததும் அதே உருவம்தான்.

நான் செட்டிங் மாற்றிய அந்தப் பத்து நிமிஷமும் பாட்டி மலையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நான் ஸ்கிரீனைத்தான் பார்த்தேன்.

இந்த வருஷம் வர்றவங்க ஃபிளாஷை 6 மணிக்கு முன்னாடியே அணைச்சிருங்க. ஒரு படம் போதும்.