துறவுக்கோலமும் ஒற்றும்: ஓர் அறவினா

மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில் 1905இல் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்து 1909இல் பதிப்பித்த அர்த்தசாத்திரம், தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்துச் சுவடியின்வழிக் கிடைத்ததாகும். அந்நூலைத் திருக்குறட் பொருட்பாலோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் அரசியற் செய்திகளோடு நின்றுவிடுகின்றனர். சமயமொழி பற்றிய ஒரு வினா அவ்விடத்தே மறைந்து கிடக்கின்றது.

அர்த்தசாத்திரத்தின் முதல் அதிகரணம் தவக்கோல ஒற்றனைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அவன் ஊர்ப்புறத்தே தங்கித் திங்களுக்கொருமுறை சிறிதளவு கீரையே உண்பதாகக் காட்டிக்கொள்வான். மறைவில் விரும்பியதை உண்பான். மாணாக்கராக நடிப்போர் அவனைச் சித்தர் எனப் பரப்புவர். அவன் முன்னுரைக்கும் தீ, திருட்டு முதலானவற்றைப் பிற ஒற்றர்கள் நிகழ்த்திக் காட்டுவர். ஈண்டு அறிவு பற்றிய சிக்கல் ஒன்று எழுகிறது. சொன்னது நடந்தது, நடந்ததை ஊரார் கண்ணாரக் கண்டனர். அவர்தம் நம்பிக்கைக்குக் காட்சியே சான்று. எனினும் அவர்கள் பெற்றது அறிவு ஆகுமா? ஆகாது என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. காண்பவரை ஏய்க்கவென்றே சமைக்கப்பட்ட சான்று அது. ஊராரைப் பேதையர் எனல் பொருந்தாது.

வள்ளுவர் நிலை இத்துணை எளிதன்று. ‘கூடாவொழுக்கம்’ (அதி. 28) பொய்த்தவக்கோலத்தைக் கடுமையாகச் சாடுகிறது, ‘ஒற்றாடல்’ (அதி. 59) துறந்தார் கோலத்தில் ஒற்றர் செல்வதை ஏற்கிறது. முன்னது அறத்துப்பால், பின்னது பொருட்பால் எனப் பிரித்துக்காட்டி அமைதி கூறுவது எளிது. ஆனால் கோலத்தைக் கண்டு பிச்சையிடும் இல்லறத்தான் எந்தப் பாலில் வாழ்கிறான்?

குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின்பாற்படும் என்னும் ‘வாய்மை’ (அதி. 30) விதியைத் துணைக்கழைக்கலாம். அவ்வதிகாரமோ துறவறவியலில் அமைந்தது, ஒற்றனோ துறவியல்லன். மேலும், துறவுக்கோலம் தானே ஒரு கூற்று. ‘யான் எதையும் விழைந்திலேன்’ என்பது அதன் பொருள். மெய்த்துறவியர் பலர் அக்கூற்றை மெய்யாக்கி வாழ்ந்தமையாலேயே ஒற்றனின் பொய் செல்லுபடியாகிறது. அந்நம்பிக்கைக்கு நேரும் இழப்பையும் கணக்கிட்டால் அந்நன்மையைக் குற்றமற்றது எனல் அரிது.

இருநூலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கௌடிலியர் அற்புதத்தையே உற்பத்தி செய்கிறார். வள்ளுவர் கோலத்தை மட்டுமே இரவல் பெறுகிறார். இரவலுக்கும் உரியவர் இசைவு வேண்டும். துறவியரிடம் எவரும் அதனைக் கேட்டதாக ஒற்றாடலில் குறிப்பில்லை.